ஏற்காடா, கடற்கரையா? ரேடியோப் பெட்டியோடு கிளம்புகிறவர்களுக்கு ஓர் அலசல்

மூன்று நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் வந்தால் சேலத்து வீடுகளில் எழும் கேள்வி இது. பிள்ளைகள் கடல் கேட்பார்கள். பெரியவர்கள் "இந்த வெயிலில் கடலா? ஏற்காட்டுக்கே போயிடலாம்" என்பார்கள். ஹாம் ரேடியோவையும் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பேசும் வானொலி) தூக்கிக்கொண்டு போகிறவருக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று இருக்கிறது.

"மலையில் ப்ராப்பகேஷன், அதாவது அலை பரவுவது, நன்றாக இருக்கும்" என்பது பாதிதான் சரி. குறும் அலையைத் திருப்பி அனுப்பும் எஃப் அடுக்கு (மேல்வளியில் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலத்தின் ஒரு பகுதி) சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் கிடக்கிறது. ஏற்காட்டின் ஒன்றரை கிலோமீட்டர் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. சூரியப் புள்ளிகளும் கே இண்டெக்ஸும் (பூமியின் காந்தக் கலக்கத்தைச் சொல்லும் எண்) சேலம் அம்மாபேட்டை மொட்டைமாடிக்கும் தரங்கம்பாடி மணலுக்கும் ஒன்றேதான். மாறுவது காலடி மண், முன்னால் இருக்கும் சரிவு, சுற்றுப்புற நாய்ஸ் (மின்கருவிகள் கிளப்பும் இரைச்சல்).

இந்த மூன்றில் நாய்ஸுக்குத்தான் முதல் மதிப்பெண். ஊருக்குள் இன்வெர்ட்டர், எல்இடி விளக்கு, தறி மோட்டார் எல்லாம் சேர்ந்து 7 மெகாஹெர்ட்ஸில் ரேடியோவில் சிக்னல் பலம் காட்டும் மீட்டர் முள்ளை எஸ்7-இல் நிறுத்திவிடும். காபித் தோட்டத்து நடுவில் அது எஸ்2-க்கு இறங்கினால் வித்தியாசம் 5 எஸ் அலகு, அதாவது 30 டெசிபல். எதிர்முனைக்காரர் தன் பவரை ஆயிரம் மடங்கு கூட்டினால் கிடைக்கும் பலன் அது. எந்த ஆன்டெனாவும் இதைத் தராது. ஆனால் மே மாதக் கோடை விழா நேரத்தில் ஏரிப் பக்கம் விடுதி எடுத்தால் சீரியல் விளக்குகள் இந்த லாபத்தைத் தின்றுவிடும். அறை பார்க்கும்போதே சின்ன ஏஎம் ரேடியோ ஒன்றைத் திருகிப் பாருங்கள். இரைச்சல் கேட்டால் வேறு இடம் தேடலாம்.

பெரும்பாலும் நேர்கோட்டில் போகும் 144 மெகாஹெர்ட்ஸுக்கு வந்தால் மலைக்குப் போட்டியே கிடையாது. ரேடியோ அடிவானத்தை கிலோமீட்டரில் கணக்கிட, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்க வேண்டும். சமவெளிக்கு மேல் 1,200 மீட்டர் உயரத்தில் நின்றால் 140 கிலோமீட்டருக்கு மேல் வரும். கடற்கரை மணலில், 2 மீட்டர் உயரத்தில், 6 கிலோமீட்டர்கூடத் தேறாது. ஏற்காட்டின் லேடிஸ் சீட் காட்சிமுனையில் 5 வாட் ஹேண்டி (கையடக்க ரேடியோ) போதும், சேலமும் மேட்டூர்ப் பக்கமும் கைக்குள். கிழக்கே கல்வராயனும் தென்கிழக்கே கொல்லிமலையும் மறைப்பதால் அந்தத் திசைகளில் ஓட்டை விழும். மொபைல் கோபுரங்களுக்குப் பக்கத்தில் நின்றால் மலிவு ஹேண்டிகளின் காது அடைத்துவிடும், நூறு மீட்டராவது தள்ளிப் போங்கள். கடலோரத்தில் மட்டும் சில மாலைகளில் கடலுக்கு மேல் வெப்பக்காற்று அடுக்கு படிந்து குழாய்போல அலையை இழுத்துப் போகும். இலங்கை எஃப்எம் நிலையங்கள் காருக்குள் கேட்கத் தொடங்கினால் அதுவே அறிகுறி. நம்பிப் பயணம் போட முடியாது, வந்தால் லாபம்.

கடலின் உண்மையான பலம் 14 மெகாஹெர்ட்ஸிலும் அதற்கு மேலும்தான். உப்புத் தண்ணீரின் மின்கடத்து திறன் பாறை நிலத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். வெர்டிக்கல் (செங்குத்து) ஆன்டெனாவை அதன் விளிம்பில் நட்டால், அடிவானத்தை ஒட்டிய 5 டிகிரி கோணத்தில் 10 டெசிபல் அளவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். வெளிநாட்டுத் தொடர்புக்கு அந்தத் தாழ்கோணம்தான் வேண்டும். 10 வாட் பெட்டி 100 வாட் மாதிரிப் பேசும். இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, டைபோலை (நடுவில் கேபிள் சேரும் இரு கைக் கம்பி ஆன்டெனா) கொண்டுபோகாதீர்கள், கிடையாகக் கட்டிய கம்பிக்கு உப்புத் தண்ணீர் தனிச் சலுகை எதுவும் தராது. இரண்டு, அலை விளிம்பிலிருந்து 20 மீட்டருக்குள் நட வேண்டும். "கடல் தெரியும் அறை" என்று வாடகை கொடுத்து சாலைக்கு இந்தப் பக்கம் நட்டால் அது சேலத்து வெர்டிக்கல்தான்.

பலரும் கோட்டைவிடுவது திசையில். தண்ணீர் சிக்னல் போகும் பக்கத்தில் இருக்க வேண்டும். தரங்கம்பாடியிலோ புதுச்சேரியிலோ கடல் கிழக்கே. ஜப்பானும் ஆஸ்திரேலியாவும் பிரமாதமாக வரும், வடமேற்கே இருக்கும் ஐரோப்பாவுக்கு அலை ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும். ஐரோப்பாதான் ஆசை என்றால் கோழிக்கோடு, கண்ணூர்ப் பக்கம் பொருத்தம். சேலத்திலிருந்து வெஸ்ட் கோஸ்ட் எக்ஸ்பிரஸ் நேராகவே போகிறது. ஜூனில் மழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் போய்வர வேண்டும். மலையிலும் இதே தத்துவம் வேறு வடிவில் வேலை செய்யும். தர்மபுரிப் பக்கம் சரியும் வடமேற்கு விளிம்பில் 8 மீட்டர் உயர 14 மெகாஹெர்ட்ஸ் டைபோல்கூட அதைவிட உயரமானதுபோல் நடந்துகொண்டு ஐரோப்பாவுக்குத் தாழ்கோணம் தரும்.

கடற்கரைக்கு: 7 மீட்டர் ஃபைபர் கம்பு, அதில் 5.15 மீட்டர் ஒயர், 1 மீட்டர் உயரத்தில் ஃபீட் (கேபிள் சேரும் இடம்), கரைக்கு இணையாக இரு பக்கமும் 5.05 மீட்டர் ரேடியல் (கிடையாக விடும் துணைக் கம்பி). ஃபீட் அருகே, ரேடியோவிலிருந்து வரும் கோஆக்ஸ் கேபிளை 10 செ.மீ. குழாயில் 10 சுற்று சுற்றிவிடுங்கள். 14.150 மெகாஹெர்ட்ஸில் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து பவர் எவ்வளவு திரும்புகிறது என்று காட்டும் எண், குறைந்தால் நல்லது) பார்த்து ஒயர் நுனியை மடித்துக் குறைக்கலாம், வெட்ட வேண்டாம். 11 மணிக்கு மேல் கடல்காற்று ஏறும், மணலில் முளைக்குச்சி நிற்காது. அரிசிச் சாக்கில் மணல் அடைத்து ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டினால் நிற்கும்.

மலைக்கு: சில்வர் ஓக் மரம் இருக்கக் கம்பு எதற்கு? தூண்டில் நரம்பில் 50 கிராம் ஈயக்குண்டு கட்டிக் கிளைக்கு மேல் வீசி, அதன் வழியே நைலான் கயிறு, அதில் 7.1 மெகாஹெர்ட்ஸ் டைபோலின் நடுப்பகுதி. ஒவ்வொரு கையும் 10.3 மீட்டரில் தொடங்கி மடித்துக் குறைக்க வேண்டும். 8 மீட்டர் உயரம் போதும். அலை செங்குத்தாக மேலே போய் 500 கிலோமீட்டர் வட்டத்தில் இறங்கும். சென்னை, பெங்களூரு, கொச்சி எல்லாம் அதற்குள் அடக்கம். காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே பக்கத்திலேயே ஓடுவதால் பகலில் அயனி மண்டலம் இதற்குத் தாராளமாகத் தாங்கும். உச்சிவெயிலில் மட்டும் அதன் கீழ்ப்பகுதியான டி அடுக்கு சிக்னலை விழுங்கும்.

இதை வீட்டு நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். மலையில் காலை 7 முதல் 9 வரை 40 மீட்டர் பேண்ட் (7 மெகாஹெர்ட்ஸ்) கலகலப்பாக இருக்கும், அப்போது மூடுபனியில் பிள்ளைகள் போர்வைக்குள். படகுச் சவாரிக்குக் கிளம்பும்போது பேண்ட் தானே மங்கும். கோழிக்கோட்டில் மாலை 5 முதல் ஐரோப்பா திறக்கும் நேரமும் குடும்பம் மணலில் உட்காரும் நேரமும் ஒன்று. யாரும் யாரையும் காத்திருக்க வைக்க வேண்டாம். இந்த ஒரு காரணத்துக்காகவே மேற்குக் கரைக்கு எங்கள் ஓட்டு. தரங்கம்பாடியில் விடியற்காலையே எழ வேண்டும். இருட்டிய பிறகு, குறிப்பாக மார்ச், ஏப்ரல், செப்டம்பர், அக்டோபரில், குரல்கள் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் நடுங்கும். பெட்டியில் கோளாறு இல்லை, நம் அட்சரேகையின் குணம்.

பேண்ட் செத்துக் கிடப்பதாகத் தோன்றினால் 14.100-இல் மூன்று நிமிடம் காது கொடுங்கள். உலகின் பல மூலைகளில் உள்ள 18 பீக்கன்களுக்கு (தானாக அடையாளம் அனுப்பும் நிலையங்கள்) முறை வைத்து ஒதுக்கிய அலைவரிசை அது, கொழும்பின் 4எஸ்7பி-யும் அதில் ஒன்று. பகலில் திடீரென எல்லாமே மௌனமானால் சூரியத் தீச்சுடராக இருக்கலாம். 28 மெகாஹெர்ட்ஸ் முதலில் மீளும், அங்கே போய்ப் பாருங்கள்.

20 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரியில் 25 வாட்டில், கால் பங்கு நேரம் பேசி, மூன்று மணி நேரம் ஓட்டினால் பாதிதான் தீரும். வீட்டு முகவரிக்கு வெளியே இயக்க உங்கள் உரிமம் என்ன சொல்கிறது என்பதைப் பார்த்து, நகல் ஒன்றைப் பையில் வையுங்கள். கடலோரத்தில் கம்பு நட்டால் காவலர் கட்டாயம் விசாரிப்பார்.

மலையில் ஏப்ரல், மே மாத மதியங்களில் இடி வரும், 2 மணிக்குள் கம்பியை இறக்கிவிடுங்கள். பனி இறங்கும் இடத்தில் கோஆக்ஸ் கனெக்டருக்கு ரப்பர் டேப் சுற்றி, கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் தண்ணீர் உள்ளே போகாது. கடலிலிருந்து திரும்பினால் அன்று இரவே கிளாம்ப், ஒயர், கனெக்டரின் வெளிப்புறம் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். விட்டுவிட்டால் அடுத்த வாரம் அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும், எஸ்டபிள்யூஆர் ஒரு பக்கம் ஏறி நிற்கும்.