பால்சா மரமா, ஈபிபி நுரையா? சாகச விமானம் கட்ட முனைவோருக்கு ஓர் ஒப்பீடு

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு புகுந்தபோது, கட்டிலுக்கு அடியில் இரண்டு ரேடியோ கட்டுப்பாட்டு விமானங்கள் இருந்தன. ஒன்று, பால்சா மரக் கிட்டிலிருந்து, அதாவது பாகங்களின் தொகுப்பிலிருந்து, பாதி கட்டியிருந்த இறக்கை. மற்றொன்று, ஈபிபி எனப்படும், வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் நுரைத் தகட்டால் ஆன, அதற்குள் பலமுறை விழுந்து எழுந்திருந்த முழு விமானம். தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால், வெள்ளைப் பசையால் ஒட்டியிருந்த ரிப்கள் (இறக்கைக்கு வளைவு தரும் குறுக்குத் துண்டுகள்) ஸ்பாரை (இறக்கையின் நீளவாட்டுச் சட்டத்தை) விட்டுக் கழன்று சேற்றோடு சேறாகக் கிடந்தன. நுரை விமானமோ மிதந்து சென்று சமையலறை வாசலில் ஒதுங்கியிருந்தது. அசையும் பரப்புகளை இயக்கும் சிறு மோட்டார்களான நான்கு சர்வோக்களையும், முதன்மை மோட்டாரையும் மாற்றியதும் பொங்கலுக்குள் அது பறந்துவிட்டது. இவ்வளவுக்குப் பிறகும் நான் மறுபடி ஒரு பால்சா கிட்டைத்தான் வாங்கினேன். அந்த முடிவுக்குப் பின்னால் இருக்கும் கணக்கை, தலைகீழ்ப் பறப்பு, சுழற்சி போன்ற வித்தைகளுக்கான முதல் சாகச விமானத்தைக் கட்ட நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதி, இங்கே விரித்து எழுதுகிறேன்.

சாகச விமானத்துக்கும் பழகுநர் விமானத்துக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் சொல்லிவிட வேண்டும். பழகுநர் விமானத்தின் இறக்கை நுனிகள் மேல்நோக்கிச் சற்று உயர்ந்திருக்கும். கட்டுப்பாட்டுக் குச்சியிலிருந்து கையை எடுத்தால் அது தானாகவே நேராகிக்கொள்ளும். சாகச விமானத்துக்கு இந்தக் குணம் ஆகாது. தலைகீழாகப் பறக்கும்போதும் நேராகப் பறக்கும்போதும் அது ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும் என்பதால், இறக்கையின் மேல் வளைவும் கீழ் வளைவும் சமமாக இருக்கும். நுனி உயர்வு ஏறக்குறைய இருக்காது. எய்லரான் (இறக்கையில் இருப்பது, பக்கவாட்டில் உருட்டும்), எலிவேட்டர் (வாலில் இருப்பது, மூக்கை மேலும் கீழும் திருப்பும்), ரட்டர் (வாலில் இருப்பது, மூக்கை இடம் வலமாகத் திருப்பும்) ஆகிய அசையும் பரப்புகள் பெரிதாக இருக்கும். பழகுநர் விமானங்களில் இறக்கை நுனியைச் சற்றுக் கீழ்நோக்கித் திருகி அமைப்பது பாதுகாப்புக்கான வழக்கம். அதே திருகல் தலைகீழ்ப் பறப்பில் நேரெதிராக வேலை செய்து, நுனியை முதலில் தூக்குவிசை இழக்கச் செய்துவிடும் என்பதால், சாகச இறக்கையில் எந்தத் திருகலும் இருக்கக் கூடாது. இந்த ஒரு நிபந்தனையை எந்தப் பொருள் எவ்வளவு நன்றாக நிறைவேற்றுகிறது என்பதில்தான் இரு தரப்பின் வழக்கும் தொடங்குகிறது.

பால்சா, ஈக்வடாரிலிருந்து பெருமளவில் வரும் எடை குறைந்த மரம். மாடல்களுக்குப் பயன்படும் பலகை ஒரு கன மீட்டருக்குச் சுமார் 100 முதல் 200 கிலோ வரை இருக்கும். ஈபிபி நுரையோ சுமார் 20 கிலோதான். எடையை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை என்று தோன்றும். ஆனால் மரத்துக்கு இழை உண்டு, நுரைக்கு இல்லை. பால்சா இறக்கையில் மேலும் கீழுமாக ஓடும் இரண்டு ஸ்பார்களுக்கு நடுவே மெல்லிய பால்சாத் துண்டுகளை இழை செங்குத்தாக நிற்கும்படி ஒட்டி, முன்விளிம்பிலிருந்து ஸ்பார் வரை 1.5 மில்லிமீட்டர் தகட்டால் மூடினால், உள்ளே வெறும் காற்றை மட்டும் வைத்துக்கொண்டு முறுக்கலைத் தாங்கும் ஒரு பெட்டி உருவாகிவிடுகிறது. ஒட்டுவதற்கு முன் அந்த இறக்கையை இரு கைகளாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஈரத்துணியைப் பிழிவதுபோல் வளையும். தகட்டை ஒட்டிப் பசை காய்ந்த பின் மறுபடி முறுக்கினால் அசையாது. இந்த மாற்றத்தை ஒருமுறை கையால் உணர்ந்தவருக்கு, விமானக் கட்டமைப்புப் பற்றிய பாதிப் பாடம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

நுரைக் கிட் இந்தப் பாடத்தைச் சொல்லித் தராது. பெரும்பாலான சிறிய ஈபிபி கிட்கள் பக்கவாட்டில் பார்த்தால் மட்டுமே விமானம் போல் தெரியும் தட்டை உருவங்கள். உடலும் இறக்கையும் 6 முதல் 10 மில்லிமீட்டர் தகடுகள். வளைவைத் தடுக்கக் கார்பன் கம்பிகளைப் பிளவுகளில் செருகி ஒட்டுவார்கள். வேலை மூன்று நான்கு மாலைகளில் முடிந்துவிடும். பால்சாவுக்கு நான் எடுத்துக்கொண்டது இரண்டரை மாதங்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளை வீட்டார் விட்டுக்கொடுத்ததால். கீழ்வீட்டு அண்ணன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னாபா, கீழ வுழுந்து ஒடையறதுக்கா ரெண்டு மாசமா ஒட்டினு கீற?” என்று கேட்டார். கேள்வியில் நியாயம் இருந்ததால் பதில் சொல்லவில்லை.

பசை விஷயத்தில் நம் ஊர்க் காற்று இரு தரப்புக்கும் வெவ்வேறு வகையில் நடந்துகொள்கிறது. ஃபெவிக்விக் வகைப் பசை காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. கடல் அருகே இருப்பதால் நமக்கு அது நொடிகளில் பிடித்துக்கொள்ளும். அதே காரணத்தால் மூடியைச் சரியாகப் போடாத குப்பி சில நாட்களிலேயே கல்லாகிவிடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைப்பது நல்லது. பால்சாவில் ரிப்களுக்கு இப்பசையும், மோட்டார் பொருந்தும் முன்சுவர், இறக்கை நடு இணைப்பு ஆகிய பளு ஏறும் இடங்களுக்கு இரண்டு கூறுகளைக் கலந்து பூசும், அரை மணி நேரத்தில் இறுகும் எபாக்ஸிப் பசையும் போதுமானவை. வெள்ளைப் பசை மலிவு, எடை குறைவு, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் எளிது. ஆனால் வெள்ளம் வரும் தெருவில் தரைத்தளத்தில் வசிப்பவர் என் அனுபவத்தை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். ஈபிபி நுரைக்கு ரப்பர் பசையே ஏற்றது. உடலோடு சேர்ந்து பசையும் வளைய வேண்டும். தெர்மாகோலையும் ஈபிபியையும் ஒன்றாக நினைத்துவிட வேண்டாம். சாதாரண ஃபெவிக்விக் தெர்மாகோலைக் கரைத்துக் குழியாக்கிவிடும். ஈபிபியை அது ஒன்றும் செய்யாது.

பால்சா உடலின் மூக்கை மூடும் ஃபைபர் கூடு விரிசல் விட்டால் காசிமேடு பக்கம் ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பவர்கள் நினைவுக்கு வருவார்கள். அவர்களிடம் ரெசினும் உண்டு, கைத்திறனும் உண்டு. ஆனால் படகுக்குப் போடும் கண்ணாடி இழைப் பாய் சதுர மீட்டருக்கு 450 கிராம் போன்ற கனத்தில் இருக்கும். நமக்குத் தேவை 50 கிராமுக்கு உட்பட்ட மெல்லிய கண்ணாடித் துணி. நான் படகுப் பாயால் ஒட்டிய கூடு என்றும் உடையாது. அதன் எடையால் மூக்கு தாழ்ந்துபோன விமானத்தைச் சமன்படுத்த வாலில் ஈயம் வைக்க நேர்ந்தது என்பது வேறு கதை.

கட்டி முடித்த பால்சா எலும்புக்கூட்டுக்கு வெப்பத்தில் சுருங்கும் ஃபிலிமை இஸ்திரிப் பெட்டியால் போர்த்த வேண்டும். முதலில் விளிம்புகளை மிதமான சூட்டில் ஒட்டி, பிறகு நடுப்பகுதியைச் சுருக்கினால், தொய்ந்திருந்த தாள் முரசுத் தோல்போல் விறைத்துக்கொள்ளும். இறக்கையின் ஒரு பக்கத்தை மட்டும் அதிகமாகச் சுருக்கினால் இறக்கையே திருகிக்கொள்ளும் என்பதால், இரு பக்கங்களையும் மாறி மாறிச் சூடாக்க வேண்டும். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அரை மணி நேரம் இருந்தால் போதும், சுருக்கங்கள் மறுபடி தலைகாட்டும்; இஸ்திரிப் பெட்டியோடுதான் மைதானத்துக்குப் போக வேண்டும் என்று நண்பர்களிடம் சொல்வதுண்டு. நுரைக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை.

இனிப் பறப்பு. என் நுரை விமானம் ஒரு மீட்டர் இறக்கை அகலமும் பேட்டரியோடு சேர்த்து 450 கிராம் எடையும் கொண்டது. மூன்று செல் லைபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஓடுகிறது. எடையைவிட மோட்டாரின் இழுவிசை கணிசமாக அதிகம் என்பதால், மூக்கை வானுக்கு நிமிர்த்தி ஒரே இடத்தில் தொங்கவிடலாம். தட்டை இறக்கைக்குக் காற்றுத் தடை அதிகம். கீழ்நோக்கி வரும்போதும் வேகம் பெரிதாக ஏறாது. ஆகவே தரைக்கு இரண்டு ஆள் உயரத்தில் தொங்குவது, கத்தி முனைபோல் பக்கவாட்டில் சாய்ந்து நகர்வது ஆகிய வித்தைகளை அச்சமின்றிப் பழகலாம். வீடுகளுக்கிடையே இருக்கும் சிறிய காலி மனை அளவு இடமே அதற்குப் போதும் என்று ஆசை எழும். ஆனால் அந்த ஆசைக்கு இடம் தரக் கூடாது. மக்கள் நடமாடும் இடத்தில் சுழலும் விசிறி ஒரு கத்திதான். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் கோடையில் பட்டம் விடும் பையன்களின் மாஞ்சா நூல், தடை இருந்தும், மரங்களிலும் கம்பிகளிலும் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது மோட்டார் அச்சில் ஒருமுறை சுற்றிக்கொண்டதை அறுத்தெடுக்க எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

பால்சா விமானம் 1.2 மீட்டர் அகலம், 1.3 கிலோ, நான்கு செல் பேட்டரி. பெரிய வட்டம் ஒன்றை அடியிலிருந்து தொடங்கித் தொடங்கிய இடத்திலேயே முடிக்க, 45 பாகைக் கோட்டில் ஏறும்போது நடுவில் சரியாக ஒரு சுழற்சி போட, அந்தச் சுழற்சி கோட்டை விட்டு விலகாமல் நிற்க, இந்த விமானம்தான் வேண்டும். நுரை இறக்கை வேகத்தில் சற்றே முறுக்கிக்கொள்ளும். எய்லரானுக்குக் கொடுத்த கட்டளையில் ஒரு பங்கை அந்த முறுக்கல் தின்றுவிடும். சுழற்சி முடிந்ததாக நினைத்துக் குச்சியை நடுவுக்குக் கொண்டுவந்த பிறகும் மூக்கு கொஞ்சம் அலையும். பால்சாவில் குச்சி நின்றால் விமானமும் நிற்கும். ரேடியோ கட்டுப்பாட்டு விமானங்களின் துல்லியச் சாகசப் பறப்புக்கு முதல் உலகப் போட்டி 1960இல் சுவிட்சர்லாந்தில் நடந்தது. அதில் வென்ற எட் காஸ்மிர்ஸ்கியின் ‘ஓரியன்’ விமானத்தின் காலம் தொட்டு அந்தப் பிரிவு நேரான கோடுகளையும் உருண்டையான வட்டங்களையும்தான் மதிப்பிட்டு வருகிறது. இன்று அப்பிரிவில் அகலமும் நீளமும் 2 மீட்டருக்கும், எடை 5 கிலோவுக்கும் உட்பட்டிருக்க வேண்டும்.

காற்றும் இங்கே ஒரு நடுவர். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று கிளம்பும். அதற்கு முன் காலை 6 முதல் 8 மணி வரை பெரும்பாலும் அமைதி. செங்குன்றத்தைத் தாண்டி, உரிமையாளரிடம் கேட்டு நாங்கள் பயன்படுத்தும் அறுவடை முடிந்த வயலில், நுரை விமானத்தை அந்த இரண்டு மணி நேரத்துக்குள் பறக்கவிட்டு முடித்துவிடுவோம். காற்று ஏறிய பின் 450 கிராம் விமானம் காகிதம்போல் அலைக்கழியும், 1.3 கிலோ விமானம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். எனவே ஒரே காலையில் இரண்டையும் எடுத்துச் செல்வது வீண் ஆடம்பரம் ஆகாது.

விழுந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு வருவோம், ஏனெனில் சாகசம் பழகுகிறவர் விழாமல் இருக்க முடியாது. தலைகீழாக இருக்கும்போது பதற்றத்தில் எலிவேட்டரைத் தன் பக்கம் இழுப்பது எல்லோரும் செய்யும் தவறு. விமானம் அப்படியே தரையை நோக்கிப் பாயும். நுரை விமானம் இப்படி மூக்கால் குத்தினால், நசுங்கிய மூக்கில் வெந்நீர் ஊற்றிப் பெருமளவு பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, பிளந்த இடத்தில் பசை தடவி, அன்று மாலையே மறுபடி ஏற்றலாம். பால்சா அப்படி விழுந்தால் குப்பைப் பையில்தான் வீட்டுக்கு வரும். என் முதல் பால்சா விமானம் ஒன்பதாவது பறப்பில் அப்படி வந்தது. இரண்டரை மாதங்களை ஒன்பது பறப்புகளால் வகுத்துப் பார்த்தால் வரும் எண், எந்த விலைப்பட்டியலையும்விடத் தெளிவாகப் பேசும். விழுந்துவிடுமோ என்ற அச்சமும் ஒரு செலவுதான்: பால்சாவை உயரத்திலேயே வைத்துக்கொண்டு தெரிந்த வித்தைகளையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தேன். நுரையோடு தரையருகே கழித்த நான்கு மாதங்களில்தான், தலைகீழ் நிலையில் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்பதை யோசிக்காமல் கை தானாகச் செய்யத் தொடங்கியது.

ஆகவே முதல் கிட் நுரையாகவே இருக்கட்டும் என்பது என் தீர்ப்பு. பால்சாக் கிட்டையும் அப்போதே வாங்கி, அவசரமின்றிக் கட்டிக்கொண்டிருக்கலாம். கையும் கண்ணும் நுரையில் தேறும்போது மரமும் தயாராகிவிடும். கட்டி முடித்து ஃபிலிம் போர்த்தி வரும் ஆயத்த பால்சா விமானங்கள் இரண்டுக்கும் நடுவே ஒரு வழிபோல் தோன்றும். அவற்றில் பால்சா உடையும் குணம் அப்படியே இருக்கிறது. உடைந்ததைச் சேர்க்கத் தேவையான கட்டும் அறிவு மட்டும் வாங்கியவரிடம் இருக்காது. எனக்கு அதில் நாட்டம் இல்லை.

எஞ்சின் பற்றிச் சுருக்கமாக. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த எரிபொருளில் ஓடும் எஞ்சின்களின் மணத்துக்கு மயங்கியவர்கள் இன்னும் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் மெத்தனாலை வைத்திருக்க உரிமம் வேண்டும். 2024இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் எத்தனை உயிர்களைக் குடித்தது என்பதை அறிந்த யாரும் அந்தக் கண்டிப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். தவிர, அந்த எஞ்சினுக்கு ஏற்ற பால்சா விமானம் 2 கிலோவை எளிதாகத் தாண்டிவிடும். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரையிலான வகையை வணிக நோக்கமின்றி இயக்க விமானிச் சான்றிதழ் தேவையில்லை. என் இரு விமானங்களும் அதற்குள் அடங்குகின்றன. வடசென்னையில் துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையங்கள் எனப் பாதுகாப்புக்குரிய இடங்கள் நெருக்கமாக இருப்பதால், எண்ணூர்க் கடற்கரை வெறிச்சோடிக் கிடக்கிறதே என்று விமானத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல், எங்கே பறக்கவிடலாம், எங்கே கூடாது என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

எதைக் கட்டினாலும் முதல் பறப்புக்கு முன் எடை மையம், இறக்கையின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையிலான தூரத்தில், முன்விளிம்பிலிருந்து 25 முதல் 30 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று விரல் நுனிகளில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு உயரத்தில் விமானத்தைத் தலைகீழாகத் திருப்பி, மட்டமாக நிற்க எலிவேட்டரை எவ்வளவு தள்ள வேண்டியிருக்கிறது என்று கவனியுங்கள். அதிகம் தள்ள வேண்டியிருந்தால் மூக்கு கனம். பேட்டரியை ஒரு விரற்கடை பின்னுக்கு நகர்த்தி மறுபடி பாருங்கள். நுரையில் பேட்டரியை ஒட்டுப் பட்டையிலிருந்து பிய்த்து நகர்த்தினால் போதும். பால்சாவில் அதற்கு இடம் வேண்டுமென்றால், உடலை மூடுவதற்கு முன்பே பேட்டரித் தட்டை இரண்டு அங்குலம் நீளமாக வெட்டி வைத்திருக்க வேண்டும். என் இரண்டாவது விமானத்தில் வெட்டி வைத்திருக்கிறேன்.