பழைய மில்லைக் கலை மையமாக்க: ஒரே மூச்சிலா, கட்டம் கட்டமாகவா?

மூடிக் கிடக்கும் மில்லைக் கலை மையமாக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் தடுமாறுவது இந்தக் கேள்வியில்தான்.

செலவு
ஒரே மூச்சில்: தொடக்கத்திலேயே பெரும் பணம் வேண்டும்; சாரம் கட்டும் வேலை ஒருமுறையோடு முடியும்.
கட்டமாக: கையில் இருப்பதை வைத்துத் தொடங்கலாம், மொத்தக் கணக்கு பெரும்பாலும் கூடும்.

கட்டடம்
ஒரே மூச்சில்: கூரை, மின்சாரம், தீயணைப்புக் குழாய் எல்லாம் ஒரே திட்டத்தில் வரும்.
கட்டமாக: தொடாத பகுதி நனைந்துகொண்டே இருக்கும். அதனால் மற்றது தள்ளிப்போனாலும் கூரை மட்டும் முழுவதும் முதலிலேயே. இயந்திரங்களைத் தாங்கிய தளம்தானே என்று பொறியாளர் பார்க்காமல் கூட்டத்தை ஏற்றிவிடாதீர்கள். எண்ணெய் ஊறிய பழைய மரத்தளம் தீக்கு இன்னும் ஆபத்து. வெளியேற இரண்டாவது படிக்கட்டு கட்டாயம்.

மக்கள்
ஒரே மூச்சில்: திறக்கும் வரை காத்திருப்பு.
கட்டமாக: ஒரு கூடம் தயாரானாலே நாடகம், ஓவிய வகுப்பு. எது தேவை என்பதும் தெரிந்துவிடும்.

அமெரிக்காவின் நார்த் ஆடம்ஸில் பழைய ஆலை வளாகத்தில் இயங்கும் மாஸ் மோகா என்ற கலை அருங்காட்சியகம் கட்டம் கட்டமாக வளர்ந்ததுதான்: 1999-ல் திறந்தது. 6-ஆம் கட்டடம் 2017-ல்தான் சேர்ந்தது.

நிதி முழுதாக உறுதியாகி, கட்டடமும் ஒற்றையாக இருந்தால் ஒரே மூச்சு சரி. பல கட்டடங்கள், சிறு நன்கொடைகள் என்றால் கட்டமாகத்தான்; என் ஓட்டும் அதற்கே.