மதரஸா பிள்ளைக்கு எந்த அரபுப் புத்தகம்? சொற்களை வைத்து ஓர் ஒப்பீடு

தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல் பக்கத்துப் பிள்ளைகள் பத்து வயதுக்குள் குர்ஆனைத் தடங்கலில்லாமல் ஓதிவிடும். ஓதியதில் ஒரு சொல்லைக் காட்டி அர்த்தம் கேட்டால் விழிக்கும். ‘கால’ (சொன்னான்) என்ற வினை பல வடிவங்களில் குர்ஆனில் 1,600 தடவைக்கு மேல் வருகிறது; அதுகூடத் தெரியாது. இந்தக் குறை தீர இரண்டு புத்தகங்களை வைத்துப் பார்த்தேன். ஒன்று, வாணியம்பாடிக்காரரான வி. அப்துர் ரஹீம் எழுதிய, ‘மதீனா புத்தகம்’ என்று எல்லோரும் சொல்லும் ‘துரூசுல் லுகத்தில் அரபிய்யா’. மற்றது ‘அல் அரபிய்யா பைன யதைக்’. இரண்டுமே பெரியவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

மதீனா புத்தகத்தின் முதல் பாடத்தில் பைத், மஸ்ஜித், பாப், கிதாப், கலம். பாதி நம் பிள்ளை காதில் ஏற்கெனவே விழுந்தவை. அதைவிடப் பெரிய விஷயம், சொல் திரும்பி வருவது. இன்று ‘இது வீடு’. பிறகு ‘வீட்டில்’, ‘இன்னாருடைய வீடு’, ‘புது வீடு’. ஒரு பாடத்தில் புதுச்சொல் எத்தனை என்று மட்டும் எண்ணினால் போதாது. பழைய சொல் எத்தனை தடவை திரும்ப வருகிறது என்றும் எண்ண வேண்டும். இதில் இந்தப் புத்தகத்தை அடிக்க ஆளில்லை. குறை, ஆரம்பப் பாடங்களில் பெயர்ச்சொல்லே மிகுதி. சாப்பிட்டேன், தூங்கினேன் என்று சொல்லப் பிள்ளை வெகுநாள் காத்திருக்க வேண்டும்.

‘பைன யதைக்’ சலாமும் பெயர் விசாரிப்புமாகத் தொடங்குகிறது. கல்ஃபிலிருந்து வாப்பா கூப்பிடும்போது அன்றைக்கே பேசிப் பார்க்கலாம். அந்தச் சந்தோஷம் சின்னதல்ல. ஆனால் குடியிருப்புப் பாடத்தில் ஃபிளாட் வாடகைக்குக் கேட்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சொற்கள் எதற்கு?

நம் நாக்கை இரண்டுமே கணக்கில் எடுக்கவில்லை. இதயம், நாய் இரண்டையும் நாம் ‘கல்பு’ என்றே சொல்வோம். அரபில் முதலெழுத்து வேறு, ஒன்று காஃப் (ق), மற்றது காஃப் (ك). தமிழில் எழுதினால் எழுத்தின் பெயரும் ஒன்றாகிவிடுகிறது! அசல், நகல், பாக்கி, வசூல் எல்லாம் அரபிலிருந்து வந்து நம் வாயில் ஊறியவை. அவற்றுக்கும் தனி இடமில்லை.

என் முடிவு: மதீனா முதல் பாகமே அடிப்படை. மற்றதிலிருந்து அறிமுகம், குடும்பம், சாப்பாடு மட்டும். கூடவே கையால் எழுதி ஒட்டிய ஒரு தாள்: சமக் (மீன்), பஹ்ர் (கடல்), மதர் (மழை), அந்த இரண்டு கல்புகள்.