பாட்டியின் கதை பேத்தியின் கைக்கு வரும்போது

நீல் ஜோர்டன் இயக்கி 1984இல் வெளிவந்த ‘தி கம்பெனி ஆஃப் வுல்வ்ஸ்’ படத்தை வெறும் ஓநாய்மனிதத் திகில் படம் என்று எண்ணிப் பார்க்க உட்காருபவர்கள் முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே குழம்பிப்போவார்கள். துரத்தல்களும் கொலைகளும் வரிசையாக வரும் என்று காத்திருப்பவர்களுக்கு இப்படம் கொடுப்பது ஒரு சிறுமியின் கனவு, அந்தக் கனவுக்குள் ஒரு பாட்டி, அந்தப் பாட்டியின் வாயிலிருந்து ஒரு கதை, அந்தக் கதைக்குள் ஓர் ஓநாய். அமெரிக்காவில் 1985இல் இதை வெளியிட்ட கேனன் நிறுவனம் அப்பட்டமான திகில் படமாகவே விளம்பரப்படுத்தியது. திகிலுக்காக வந்தவர்கள் ஏமாந்ததும், தேவதைக் கதையை விரும்பக்கூடியவர்கள் வராமல் போனதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். நாற்பது ஆண்டுகள் கழித்து இன்று பார்க்கும்போது, பெண் குழந்தை ஒருத்தி பருவமடைவதைப் பற்றி எடுக்கப்பட்ட படங்களில் இவ்வளவு துணிச்சலும் இவ்வளவு அழகும் ஒருங்கே அமைந்தவை மிகச் சிலவே என்று தயங்காமல் சொல்லலாம்.

படத்தின் மூலம், ஆங்கில எழுத்தாளர் ஏஞ்சலா கார்ட்டர் 1979இல் வெளியிட்ட ‘தி பிளடி சேம்பர்’ தொகுப்பிலுள்ள சில பக்கச் சிறுகதை. அதை அவரே பி.பி.சி. வானொலிக்கு நாடகமாக எழுதினார். பின்னர் ஜோர்டனுடன் சேர்ந்து திரைக்கதையாக விரித்தார். அந்தச் சிறுகதை திருப்பிச் சொல்லும் செந்தொப்பிச் சிறுமியின் (லிட்டில் ரெட் ரைடிங் ஹூட்) கதை நமக்கெல்லாம் பள்ளிப் பருவத்திலேயே அறிமுகமானதுதான். ஆனால் நாம் படித்தது கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சேற்றிய வடிவத்தின் வழிவந்தது. அதில் வேட்டைக்காரன் ஓநாயின் வயிற்றைக் கிழித்துச் சிறுமியையும் பாட்டியையும் மீட்டுவிடுவான். அதற்கு நூறாண்டுகளுக்கும் முன்பே, 1697இல், பிரெஞ்சுக்காரரான சார்ல் பெரோ எழுதிய வடிவத்தில் மீட்பே கிடையாது: ஓநாய் சிறுமியைத் தின்றுவிடும், இனிக்க இனிக்கப் பேசும் ஓநாய்களே மிகக் கொடியவை என்று இளம்பெண்களுக்கு எச்சரிக்கை சொல்லும் செய்யுளோடு கதை முடிந்துவிடும். பெரோவின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் கார்ட்டர்தான் என்பதால், எதை மாற்றுகிறோம் என்பதை நன்றாக அறிந்தே அவர் மாற்றியிருக்கிறார். அவருடைய கதையில் வேட்டைக்காரனும் ஓநாயும் வேறுவேறு ஆட்கள் அல்லர். காப்பாற்ற வருபவனும் கடிக்க வருபவனும் ஒருவனே என்று ஆகிவிட்டால், அந்தப் பெண் தன்னைத் தானே பார்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை.

படம் நிகழ்காலத்தில், இங்கிலாந்தின் கிராமப்புறத்திலுள்ள ஒரு பெரிய வீட்டில் தொடங்குகிறது. அக்காவின் உதட்டுச்சாயத்தைத் திருட்டுத்தனமாகப் பூசிக்கொண்டு, மாடியறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வயிற்றுவலியோடு படுத்திருக்கிறாள் ரோசலீன். வெளியே அக்கா கதவைத் தட்டித் திட்டுகிறாள். அந்தத் தூக்கத்தில் வரும் கனவில் முதலில் நடப்பதே அக்காவை ஓநாய்கள் அடித்துக் கொல்வதுதான். அதுவும் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும் கரடிப் பொம்மைகளும் மாலுமிப் பொம்மைகளும் நிறைந்த காட்டில். தங்கை அக்காவை எப்படிப் பழிவாங்குகிறாள் பாருங்கள். கனவில் அந்தக் குடும்பம் எந்த நூற்றாண்டென்று சொல்ல முடியாத ஒரு காட்டுக் கிராமத்தில் வாழ்கிறது. அக்காவை அடக்கம் செய்தபின் ரோசலீன் பாட்டி வீட்டுக்குப் போகிறாள். பாட்டி அவளுக்காகச் சிவப்புச் சால்வை பின்னிக்கொண்டே, பாதையை விட்டு விலகாதே, மரத்தடியில் தானாக விழுந்துகிடக்கும் ஆப்பிளைத் தின்னாதே, இரு புருவமும் கூடியிருக்கும் ஆணை நம்பாதே என்று ஓதுகிறாள்.

பாட்டியாக வரும் ஏஞ்சலா லான்ஸ்பரி, இந்தப் பாத்திரத்தை அன்பான கிழவியாகவும் ஆக்கவில்லை, சூனியக்காரியாகவும் ஆக்கவில்லை. மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவர் பார்க்கும் பார்வையில், பயமுறுத்துவதில் கிடைக்கும் சுகம் அப்பட்டமாகத் தெரிகிறது. அவள் சொல்லும் முதல் கதையில், திருமண இரவன்று இயற்கை உபாதைக்காக வெளியே போன மாப்பிள்ளை திரும்பி வருவதேயில்லை; ஆண்டுகள் கழித்து, மனைவி வேறொருவனை மணந்து பிள்ளைகள் பெற்றபின் வந்து நிற்கிறான். அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் வரும் ஆத்திரத்தில் தன் முகத்தோலைத் தானே விரல்களால் உரிக்கிறான். ஸ்டீஃபன் ரே நடித்த இக்காட்சி இன்றைக்கும் பார்ப்பவரை நெளியவைக்கும். முடி முளைப்பதும் பல் நீள்வதும் என்ற வழக்கமான வரிசையை விட்டுவிட்டு, உரித்த தோலுக்கடியில் சிவந்த தசைநார்கள் துடிப்பதையும் அந்தத் தசையே நீண்டு ஓநாய் மூஞ்சியாவதையும் காட்டுகிறார்கள். இரண்டாம் கணவன் உள்ளே வந்து வெட்ட, தலை பறந்து பால் நிறைந்த பாத்திரத்தில் விழுகிறது. வெண்மை கலங்கிச் சிவக்க, மேலே மிதந்து வருவது ஓநாய்த் தலையல்ல, மணநாளன்று இருந்த அதே இளைஞனின் முகம். அப்படியே இருக்கிறான் என்று மனைவி வாய்விட்டுச் சொல்ல, இரண்டாம் கணவன் அவளை அறைகிறான்.

பாட்டி இந்தக் கதையைச் சொல்வது ஓநாயைப் பற்றி எச்சரிப்பதற்காக. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் ரோசலீனுக்கு உறைப்பது ஓநாயல்ல, அந்த அறை. என்னை ஓர் ஆண் கை நீட்டி அடிக்க விடமாட்டேன் என்று அவள் சொல்கிறாள். படத்தின் அச்சாணி இந்த இடத்தில் இருக்கிறது. ஓநாய்கள் எத்தனை வந்தாலும், இப்படத்தில் உண்மையில் நடப்பது கதை சொல்லும் உரிமை கைமாறுவதுதான். படத்திலுள்ள நான்கு உட்கதைகளில் முதலிரண்டு பாட்டியுடையவை, பின்னிரண்டு பேத்தியுடையவை. பாட்டியின் கதைகளில் ஓநாய் என்பது பெண்ணுக்கு வெளியே இருக்கும் ஆபத்து. சாத்தானிடமிருந்து களிம்பு பெறும் இளைஞனைப் பற்றிய அவளது இரண்டாம் கதையும் அப்படியே. காட்டுக்குள் வெள்ளை ரோல்ஸ்-ராய்ஸ் காரில் டெரன்ஸ் ஸ்டாம்ப் வந்திறங்கும் அந்தத் துண்டு ரசிக்கத்தக்க குறும்பு என்பதற்கு மேல் எதுவுமில்லை.

மூன்றாம் கதையை ரோசலீன் தன் தாய்க்குச் சொல்கிறாள். பிரபு வீட்டுப் பிள்ளையால் கர்ப்பமாக்கப்பட்டுக் கைவிடப்பட்ட ஒரு பெண், அவனுடைய திருமண விருந்துக்கு நிறைமாத வயிற்றோடு அழையாமல் வந்து நிற்கிறாள். கண்ணாடி விரிசல் விடுகிறது. பொடி பூசிய பொய்ம்முடியும் பட்டுமாக உட்கார்ந்திருந்த கூட்டம், இறைச்சியைக் கையால் பிய்த்துக்கொண்டே ஓநாய்க் கூட்டமாகிறது. காலணியைக் கிழித்துக்கொண்டு நகங்கள் வெளிவருகின்றன. பாட்டி சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு நேர்ந்த கதி பாடமாகியிருக்கும். பேத்தியின் வாயில் அது சிரிப்பாகவும் வஞ்சமாகவும் ஆகிறது. இதற்குச் சற்று முன்பின்னாகத் தாய் சொல்லும் ஒரு கருத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஆணுக்குள் விலங்கு இருக்குமானால் அதற்கு ஈடானது பெண்ணுக்குள்ளும் இருக்கிறது என்கிறாள் அவள். பாட்டியின் அச்சத்துக்கு மறுமொழியாக ஒரு தாய் தன் மகளிடம் இவ்வளவு அமைதியாகப் பேசும் காட்சி, இன்றைய படங்களிலும் அடிக்கடி வாய்ப்பதில்லை.

இத்தனையும் நடக்கும் காடு முழுவதும் லண்டனுக்கு அருகிலுள்ள ஷெப்பர்டன் படப்பிடிப்புத் தளத்துக்குள் கட்டப்பட்டது. கலை வடிவமைப்பாளர் ஆன்டன் ஃபர்ஸ்ட், பிற்பாடு 1989இன் ‘பேட்மேன்’ படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர். பணம் அதிகமில்லாத படம் என்பதால் அதே மரங்களையே இடம் மாற்றி, கோணம் மாற்றிக் காட்டியிருப்பது கூர்ந்து பார்த்தால் தெரியும். ஆனால் கனவில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது இயல்பு என்பதால் அந்தச் சிக்கனமே படத்துக்குத் துணையாகிவிட்டது. பெரோவின் கதைகளுக்கு குஸ்தாவ் டோரே வரைந்த ஓவியங்களைப் பார்த்திருப்பவர்களுக்கு, பருத்த அடிமரங்களும் அவற்றினடியில் சிறுத்துப்போன மனிதர்களும் நினைவுக்கு வருவார்கள். ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன். தன்மீது ஆசைப்படும் ஊர்ப் பையனிடமிருந்து ஓடி, ரோசலீன் ஓர் உயர்ந்த மரத்தில் ஏறுகிறாள். உச்சியில் நாரையின் கூடு. அதில் முட்டைகளோடு ஒரு கைக்கண்ணாடியும் உதட்டுச்சாயமும் கிடக்கின்றன. அவள் உதட்டைச் சிவப்பாக்கிக்கொண்டு கண்ணாடியில் பார்க்கும்போது முட்டைகள் வெடிக்கின்றன. உள்ளே குஞ்சுகளுக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு குழந்தைச் சிலைகள். அதே நேரத்தில் கீழே அந்தப் பையன் ஓநாய் கடித்துப்போட்ட மாட்டைக் கண்டு அலறுகிறான். ஆசை, கருத்தரிப்பு, இரத்தம் ஆகிய மூன்றையும் ஒரு சொல் வசனமின்றி ஒரே மரத்தில் கோத்துவிடுகிறார் ஜோர்டன். ஜார்ஜ் ஃபென்டனின் இசைக்கும் இதில் பங்குண்டு. ரவி சங்கருடன் சேர்ந்து ‘காந்தி’ படத்துக்கு இசையமைத்தவர் இவர்தான்.

குறைகளும் உள்ளன. ஓநாய்களாக வருபவற்றில் பெரும்பாலானவை சாயமேற்றப்பட்ட பெல்ஜியன் ஷெப்பர்டு நாய்கள். பிரையன் லாஃப்டஸின் ஒளிப்பதிவு நிழலை எவ்வளவு தாராளமாகப் பயன்படுத்தினாலும், வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் நாயை நாயாகவே நம் கண் அடையாளம் கண்டுவிடுகிறது. கிறிஸ்டோபர் டக்கரின் ஒப்பனைக் கைவேலையிலும் எல்லா உருமாற்றங்களும் ஒரே தரத்தில் இல்லை. நடுப்பகுதியில் ஊரார் வேட்டைக்குப் போகும் நேரத்தில் கதை தேங்கி நிற்கிறது. பொறியில் சிக்கிய ஓநாயிடமிருந்து தந்தை வெட்டிக்கொண்டு வந்த முன்னங்கால், வீட்டில் பிரித்துப் பார்க்கும்போது மனிதக் கையாகக் கிடக்கும் தருணம் மட்டுமே அந்தத் தேக்கத்தை உடைக்கிறது.

கடைசி அரை மணி நேரம் இந்தக் குறைகளை மறக்கச் செய்கிறது. கூடிய புருவமுள்ள வேட்டைக்காரன் காட்டில் ரோசலீனைச் சந்திக்கிறான்; திசைகாட்டியைக் காட்டி, இது இருந்தால் பாதையே தேவையில்லை என்கிறான்; யார் முதலில் பாட்டி வீட்டை அடைவது என்று பந்தயம் கட்டுகிறான், அவள் தோற்றால் ஒரு முத்தம். நடனக் கலைஞரான மிக்கா பெர்கீஸ் அசையும் விதத்திலேயே ஒரு விலங்கின் சோம்பலான நிச்சயம் தெரிகிறது. அவன் ஓங்கியடிக்கும் அடியில் பாட்டியின் தலை பறந்து, துளி இரத்தமின்றிப் பீங்கான் பொம்மையைப் போல உடைந்து சிதறுகிறது. பாட்டியும் அந்தச் சிறுமியின் விளையாட்டுப் பொருள்களில் ஒன்றுதான் என்று அப்போது புரிகிறது. பிறகு வரும் ரோசலீன், சாரா பாட்டர்சனின் நடிப்பில், அஞ்சுகிறாள், ஆனால் ஒடுங்கவில்லை. பதின்வயதின் தொடக்கத்திலிருந்த பாட்டர்சனுக்குத் தான் நடித்த இப்படத்தைத் திரையரங்கில் பார்க்கும் வயதில்லை. பிரிட்டனில் 18 வயது நிரம்பியோருக்கான சான்றிதழோடுதான் படம் வெளிவந்தது. ரோசலீன் வேட்டைக்காரனின் துப்பாக்கியை எடுத்து அவனையே சுடுகிறாள். காயம்பட்டு ஓநாயாகிப் படுத்திருப்பவனைத் தடவிக்கொடுத்தபடி நான்காவது கதையைச் சொல்கிறாள்: கிணற்றிலிருந்து மேலேறி வந்து, மனிதர்களிடம் குண்டடிபட்டு, பாதிரியார் ஒருவரிடம் கட்டுப் போட்டுக்கொண்டு திரும்பிப் போகும் ஓநாய்ப் பெண்ணின் கதை. ஓநாயைப் பற்றிச் சிறுமிக்குச் சொல்லப்பட்ட கதையில் ஆரம்பித்த படம், ஓநாய்க்கே ஒரு சிறுமி கதை சொல்லும் இடத்துக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பின் ஊரார் வரும்போது குடிசையில் ரோசலீன் இல்லை. அவளுடைய சிலுவைச் சங்கிலியைக் கழுத்தில் அணிந்த ஓர் ஓநாய் இருக்கிறது. தந்தை குறிபார்க்கும் துப்பாக்கியைத் தாய் தடுக்கிறாள்.

இங்கே முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. ஓநாய்க் கூட்டம் கனவைக் கிழித்துக்கொண்டு நிகழ்கால வீட்டுக்குள் பாய்கிறது. விழித்த ரோசலீன் வீறிட்டு அலறுகிறாள். பெரோவின் எச்சரிக்கையைத் தழுவிய செய்யுள் ஒலிக்கப் படம் நிறைவுறுகிறது. தொண்ணூறு நிமிடங்களாகப் பாட்டியின் பிடியிலிருந்து விடுவித்த கதையை, கடைசி நிமிடத்தில் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்ததுபோல ஆகிவிட்டது. கார்ட்டரின் சிறுகதையில் அந்தப் பெண் ஓநாயைப் பார்த்துச் சிரிக்கிறாள், அதன் முன்னங்கால்களுக்கு நடுவில் நிம்மதியாகத் தூங்குகிறாள். திரைக்கதையில் அவர் எழுதிய முடிவிலும் அலறல் இல்லை: விழித்தெழும் பெண், படுக்கையிலிருந்து தண்ணீருக்குள் பாய்வதுபோலத் தரைக்குள் பாய்ந்து மறைய வேண்டும், தரை அலையடித்து அடங்க வேண்டும். அன்றைய தொழில்நுட்பத்தில் அதைப் படமாக்க முடியவில்லை என்று ஜோர்டன் சொல்லியிருக்கிறார். அதை ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் அந்த இடத்தில் அலறலை வைத்தது தொழில்நுட்பத்தின் குற்றமல்ல. கனவுக்குள் துப்பாக்கியைப் பிடித்த கை, விழித்ததும் ஏன் முகத்தைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பதற்குப் படத்தில் விடையில்லை. குழந்தைப்பருவம் போவதற்கான கடைசி அச்சம் அது என்று சிலர் விளக்குவதுண்டு. அப்படியானால் செய்யுள் எதற்கு?

தேவதைக் கதை என்றதும் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட வேண்டாம். தோலுரிக்கும் காட்சி ஒன்றே போதும். பதினைந்து பதினாறு வயதுப் பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், பெரியவர்கள் ஒருமுறை தனியாகப் பார்த்துவிட்டுப் பிறகு சேர்ந்து பார்க்கலாம். பேசுவதற்கு நிறைய கிடைக்கும். கைப்பேசித் திரையில் இதைப் பார்ப்பது வீண். காட்சிகளில் பாதிக்குமேல் இருட்டும் மூடுபனியுமாக இருப்பதால், தரம் குறைந்த பிரதியில் காடும் ஓநாயும் ஒரே கறுப்பாகக் கலந்துவிடும். சுத்தம் செய்யப்பட்ட வட்டுப் பதிப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள், விளக்கையும் அணைத்துவிடுங்கள்.