பயிற்சியா, தேர்வா: எதை முதலில் மாற்றுவது?

வெளிநாட்டு உதவியோடு ஆங்கிலம் கற்பித்தலைச் சீர்படுத்த வரும் திட்டங்கள் பெரும்பாலும் இரண்டு வழியில் ஒன்றைப் பிடிக்கின்றன, ஆசிரியர்களுக்குப் பயிற்சி, இல்லையென்றால் தேர்வையே மாற்றுவது. மேலூர்ப் பக்கம் ஆங்கிலம் எடுப்பவள் என்ற முறையில், முதலில் தேர்வு மாறட்டும் என்றுதான் நெடுநாள் நினைத்தேன். நம் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாள் 100 மதிப்பெண்ணும் எழுத்துத்தான், பிறகு பிள்ளை ஏன் வாய் திறக்கப்போகிறது?

ஆனால் இலங்கையில் அதைச் செய்து பார்த்தார்கள். 1980களின் இறுதியில் சாதாரண தர (O/L, நம் பத்தாம் வகுப்பு போன்ற பொதுத்தேர்வு) ஆங்கிலத் தேர்வைப் புதுப்பித்தார்கள். மொழித் தேர்வுகளை ஆராயும் டயான் வால், சார்லஸ் ஆல்டர்சன் இருவரும் வகுப்புகளைக் கவனித்து 1993இல் எழுதியது: எதைக் கற்பிப்பது என்பது மாறியது, எப்படிக் கற்பிப்பது என்பது அவ்வளவாக மாறவில்லை. வாசிப்பும் எழுத்தும் மட்டுமே தேர்வில் இருந்ததால் கேட்டலும் பேச்சும் ஓரமாகிவிட்டன.

சரி, பயிற்சி? அதிலும் சிக்கல் உண்டு. மாநிலம், மாவட்டம், ஒன்றியம் என்று படிப்படியாக இறங்கி வருவதற்குள் சாரம் வடிந்துவிடும், எங்களிடம் வந்து சேர்வது ஒரு கையேடு. இருந்தாலும் நான் பயிற்சியைத்தான் முதலில் கேட்பேன், மண்டபத்தில் உட்காரவைத்து அல்ல, என் வகுப்பிலேயே, மாதம் ஒருமுறை யாராவது வந்து பார்த்துச் சொல்கிற பயிற்சி.