மொரிஷியஸா, மாலத்தீவா: குடியிருக்க எது?

விளம்பரப் படங்களில் இரண்டும் ஒரே நீலக்கடல்தான். குடியிருப்பவருக்கு வேறுபாடு நிலத்திலேயே தொடங்குகிறது. மொரிஷியஸ் சுமார் 2,040 சதுர கி.மீ. எரிமலை மண், மழைநீரைத் தேக்கி வைக்க ஏரிகள் உண்டு. மாலத்தீவில் ஏறத்தாழ 1,200 தீவுகள் இருந்தும் மொத்த நிலம் 300 சதுர கி.மீ.தான். குடிநீருக்குத் தலைநகர் மாலே கடல்நீர் சுத்திகரிப்பையே நம்பியிருக்கிறது. 2014 டிசம்பரில் அங்குள்ள ஆலையில் தீப்பிடித்ததும் நகரமே தவித்தது. இந்தியா விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் அனுப்பியது. வீட்டு நெருக்கடியோ அதைவிடப் பெரிது. கடலைத் தூர்த்து ஹுல்ஹுமாலே என்று புதுத் தீவே எழுப்பியும் மாலேயில் வாடகை குறைந்தபாடில்லை.

மருத்துவம்? மொரிஷியஸில் அரசு மருத்துவமனைகள் இலவசம். மாலத்தீவிலும் ‘ஆசந்தா’ காப்பீடு உண்டு, ஆனால் தொலைதீவுக்காரர் பெரிய சிகிச்சைக்குக் கடல் தாண்ட வேண்டும்.

புயல் விஷயத்தில் மட்டும் மாலத்தீவு தப்பித்துக்கொள்கிறது. மொரிஷியஸ் சூறாவளிப் பாதையில் இருக்கிறது. இருந்தும் என் ஓட்டு மொரிஷியஸுக்கே. அங்கே ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, தைப்பூசம் அரசு விடுமுறை. மாலத்தீவிலோ முஸ்லிம் அல்லாதவர் குடியுரிமை பெற அரசியலமைப்பே இடம்தரவில்லை.