ஜேசிபி வைத்து இடம் சுத்தம் பண்ணியது: 3 ஸ்டார்

கொசப்பூர் பக்கம் எங்களுக்கு ஒரு கிரவுண்டு இடம், மாமனார் வாங்கிப் போட்டது. ஆறு வருஷம் முன்னால் ஆள் வைத்து ஒருமுறை வெட்டியதோடு சரி. வேலிகாத்தான், அதுதான் சீமைக் கருவேல முள்மரம், மறுபடி மண்டி, உள்ளே கால் வைக்க முடியாது. தையல் கடையை மகளிடம் விட்டுவிட்டு, காய்கறி போடலாம் என்று இந்த வைகாசியில் இறங்கினேன். மூலக்கடையில் தெரிந்தவர் மூலமாக ஒரு ஜேசிபிக்காரர் கிடைத்தார். பேர் போடவில்லை.

வேலையில் குறை சொல்ல முடியாது. வேலிகாத்தானைத் தரைக்கு மேலே வெட்டினால் பிரயோஜனம் இல்லை, ஒரு மழைக்கு அடிக்கட்டையிலிருந்து நாலு கிளை கிளம்பிவிடும். போனமுறை அப்படித்தான் காசு கரைந்தது. டிரைவர் தம்பி பக்கெட்டைத் தூருக்குக் கீழே விட்டு நெம்பி, ஒவ்வொன்றையும் வேரோடு பிடுங்கிப் போட்டார். ஒரு சாரைப்பாம்பு வெளியே வந்தபோது இன்ஜினை நிறுத்தி, அது வேலியைத் தாண்டும்வரை காத்திருந்தார். அதற்கே ஒரு ஸ்டார்.

வாடகை மணிக்கு 1,400 ரூபாய், குறைந்தது இரண்டு மணி நேரம், டிரைவர் பேட்டா 300. ஹவர் மீட்டர் இன்ஜின் ஓடினால் ஓடும், வேலை நடக்கிறதா என்று பார்க்காது. டீ குடிக்கப் போனபோது வண்டி உறுமிக்கொண்டே நின்றது. ஆரம்பத்திலும் முடிவிலும் மீட்டரை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பிடுங்கிய மரத்தை அப்புறப்படுத்த லோடுக்கு 1,500 வாங்கினார் முதலாளி. அதே மரம் விறகுக்கு விலை போகும் என்று பக்கத்து மனைக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. விறகு வாங்குகிறவர்களிடம் முதலிலேயே பேசியிருந்தால் சும்மாவே ஏற்றிக்கொண்டு போயிருப்பார்கள்.

பெரிய வருத்தம் வேறு. மரம் எல்லாம் போனபிறகு தம்பி கேட்டார், “லெவல் பண்ணிடட்டுமா அக்கா? கிரிக்கெட்டே ஆடலாம்.” நானும் தலையாட்டினேன். அரை அடி மண்ணை வழித்து வடகிழக்கு மூலையில் குவித்துவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் மண்வெட்டி போட்டேன், டங்கென்று சத்தம். சருகு மக்கி மக்கிச் சேர்ந்த கறுப்பு மண் முழுக்க மூலையில் மேடாகக் கிடக்கிறது, எனக்கு மிச்சம் வண்டி ஏறி இறுகிய களிமண். அந்த மேட்டில் ஒரு வாரத்தில் பூசணி தானாக முளைத்தது. நான் போட்ட வெண்டை விதையில் ஒன்றுகூட வரவில்லை. மண்ணைப் பாண்டில் அள்ளித் திரும்பக் கொட்ட எனக்குப் பதினொரு நாள் ஆனது. இடுப்பு இன்னும் சரியாகவில்லை.

அடுத்த வில்லன் கோரைக் களை. பவர் டில்லர் விட்டால் போய்விடும் என்று அவர்களே ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். நல்லவேளை, வேண்டாம் என்றுவிட்டேன். கிழங்குச் சங்கிலியை டில்லர் துண்டு துண்டாக்கினால் துண்டுக்கு ஒரு செடி வரும். களைக்கொத்தோடு உட்கார்ந்து, நூல் பிடித்துப் போகிற மாதிரி ஒரு கிழங்கிலிருந்து அடுத்த கிழங்குக்குத் தோண்டிப் போவதுதான் வழி. தையல் பிரிக்கிற பொறுமை இங்கே உதவுகிறது.

எங்கள் போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. வடசென்னையில் இது புதுசா என்ன. அதனால் ஆடிப்பட்டத்துக்கு அவசரப்படாமல் முதலில் பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதை தூவிவிட்டேன், அது உப்பையும் தாங்கும். இப்போது இடுப்பளவு. பூ எடுக்கும்போது மடக்கி மண்ணில் புரட்டிவிட்டு, அப்புறம்தான் கத்தரி, அவரை.

பின்பக்கம் நாத்தனார் மனை அதே கோலத்தில் கிடக்கிறது. அதற்கும் இதே தம்பியைத்தான் கூப்பிடப் போகிறேன். “தூரை மட்டும் பிடுங்கு தம்பி, மண்ணைத் தொடாதே” என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னாலேயே சொல்லிவிடுவேன்.